எந்த முறை வைத்து அழுவது?

பாக்கியமேரியைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அதையெல்லாம் ஓரமாக வையுங்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தவன், நான் சொல்கிறேன்.

என் பெயர் காஜா மொய்தீன். உத்திரமேரூர் கடைத்தெருவில் நாடகச் சாமான் வாடகைக்கு விடுகிறேன். திரை, கிரீடம், டோப்பா, தாடி, மீசை, அட்டைக் கத்தி, எது வேண்டுமானாலும் என் கடையில் கிடைக்கும். எடுத்துப் போனதைக் கிழிக்காமல் திருப்பிக் கொண்டுவருகிற யோக்கியன் மட்டும் இந்தத் தாலுகாவில் கிடைக்க மாட்டான். அதனால் சாமான் போகிற வண்டியில் நானும் ஏறிப் போய்விடுவேன். "அந்தக் கிரீடத்தையே கட்டிக்கினு குடித்தனம் பண்ணு" என்று என் பெண்சாதி வகிதா ஏசுவாள். ஏசட்டும். மஞ்சள் கண்ணாடிக் கல் ஒட்டிய அந்தக் கிரீடத்தை அவளா ராவெல்லாம் உட்கார்ந்து ஒட்டினாள்?

சரி, பாக்கியமேரி. பிறந்த வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் பாக்கியம். திருமுக்கூடல் பக்கத்தில் ஆற்றுக்கு இக்கரையில் பிறந்து, அக்கரையில் மாதா கோயில் தெரு அருள்தாஸுக்கு வாழ்க்கைப்பட்டவள். ஞானஸ்நானத்தில் மேரி சேர்ந்துகொண்டது. நிலம் என்று ஒரு சாண் கிடையாது. நடவு, களை, அறுப்பு என்று கூப்பிட்ட வயலுக்குப் போவாள். ஆனால் சுற்றுப்பட்டில் அவளை எல்லோருக்கும் தெரிந்தது ஒப்பாரியால்தான். சாவு விழுந்தால் மேளக்காரனுக்கு ஒரு ஆளும் பாக்கியமேரிக்கு ஒரு ஆளும் சேர்ந்தே கிளம்புவார்கள். வேதக்காரர் வீட்டுச் சாவானால், ஒப்பாரி கூடாது என்கிற உபதேசியார் ஜெபம் சொல்லி முடித்துத் தெருமுனை திரும்பும் வரைக்கும் பெண்கள் பூனை மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். அவர் தலை மறைந்ததும் பாக்கியமேரியைச் சுற்றிக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்கள்.

அவளிடம் ஒரு கண்டிப்பு உண்டு. சாவு வீட்டு வாசலில் நின்று முதலில் அவள் கேட்பது இதுதான்: "செத்தவரு எனக்கு இன்னா மொறை ஆவணும்?" யாராவது ஒரு முறை சொல்லியாக வேண்டும். மாமனார், கொழுந்தன், சின்னம்மா, எதுவோ ஒன்று. சொந்தமே இல்லாத மானாம்பதி மிராசுதார் செத்தபோதுகூட, "அப்பன்னு வெச்சிக்கோ" என்று யாரோ சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தாள். முறை கிடைக்கவில்லையென்றால் ஒரு அடி வராது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, ஒப்பாரி அப்படிப்பட்டது.

ஊருக்கெல்லாம் அழுதவள், பெற்ற தாய்க்கு அழவில்லை. அதுதான் அவள் வாழ்க்கையிலேயே பெரிய பேஜார்.

ஒரு ஐப்பசியில் அவள் அம்மா செத்துப்போனாள். வருஷம் பூராவும் மணலாகக் கிடந்து மாடு மேய்கிற பாலாறு, அன்றைக்குப் பார்த்துக் கரை புரண்டு ஓடியது. இவளால் தாண்ட முடியவில்லை. வெள்ளம் வடிந்து இவள் போய்ச் சேர்ந்தபோது பிணத்தை எடுத்து, வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். அண்ணன் வேதகிரி மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தான். "பொண்ணு மொகம் பாக்காம எடுத்துட்டியேடா பாவி" என்று வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். "இந்த வாசப்படிய இனிமே மிதிச்சா நான் மனுஷியில்ல" என்றாள். அவன் விடுவானா? "ஒன் கையால ஒரு வாய்த் தண்ணி குடிச்சா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல" என்றான். அவ்வளவுதான். ஆற்றில் தண்ணீர் வற்றியும் அண்ணன் தங்கைக்கு நடுவில் போக்குவரத்து இல்லை.

இப்படியே வருஷங்கள் ஓடி, அவள் மகள் லூர்துவுக்கு மானாம்பதியில் மாப்பிள்ளை அமைந்தது. நல்ல இடம். பையனுக்குக் குடி, பீடி கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: "கோயிலானாலும் குளமானாலும் தாய்மாமன் மாலைய எடுத்துக் குடுக்கணும். தாய்மாமன் இல்லாத பொண்ணுன்னு எங்க சனம் பேசக்கூடாது." தாய்மாமன் என்று இருப்பதோ ஒரே ஆள். அவன் வாசலை மிதிப்பதில்லை என்று சொன்னவள் இவள். யார் மூலமாகவோ சொல்லி அனுப்பியதற்கு, "சம்பந்தப்பட்டவ வாயில்லாமலா போயிட்டா?" என்று கேட்டுவிட்டானாம். பாக்கியமேரிக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த நேரத்தில்தான் முத்துகிருஷ்ணன் சார் என் கடைக்கு வந்தார். கும்பகோணம் பக்கத்திலிருந்து மாற்றலாகித் திருமுக்கூடல் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்த வாத்தியார். நல்ல மனுஷன், ஆனால் படிப்பு கொஞ்சம் அதிகமாகிவிட்டது. புள்ளலூரில் அந்தக் காலத்தில் நடந்த சண்டையை வைத்து, வீரசேனன் என்று தானாக ஒரு ராஜாவைப் பிடித்து நாடகம் எழுதியிருந்தார். நாடகத்தின் பெயர் 'வீரசேனன் வீழ்ச்சி'.

"இது சோக நாடகம், பாய். இலக்கணப்படி எழுதியிருக்கிறேன்" என்றார்.

"அழுவாச்சிக்கு இலக்கணமா சார்?"

"உண்டு. நாயகன் பெரிய இடத்து ஆளாக இருக்க வேண்டும். ரொம்ப நல்லவனும் கூடாது, கெட்டவனும் கூடாது. அவனிடம் ஒரே ஒரு பிழை இருக்கும், அதனாலேயே விழுவான். சாவை மேடையில் காட்டக்கூடாது. தூதுவன் ஓடிவந்து சொல்ல வேண்டும். பிறகு உடலைக் கொண்டுவந்து வைக்க, ஒரு கூட்டம் சுற்றி நின்று பாடும். பபூன் கிடையாது."

"பபூன் இல்லாத நாடகத்துக்கு எவன் சார் வருவான்?"

"வருவார்கள். பார்க்கிறவனுக்குப் பயமும் இரக்கமும் பொங்கிவந்து, உள்ளே தேங்கிக் கிடப்பதெல்லாம் வெளியே போய், மனசு லேசாகிவிடும்."

"பேதி மாத்திரை மாதிரியா?"

சார் கோபிப்பார் என்று பார்த்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கிட்டத்தட்ட அதே பொருள்தான், பாய்" என்றார். அன்றைக்கே அவர் மேல் எனக்கு ஒரு பிரியம் விழுந்துவிட்டது. கிரீடத்தைத் துடைத்து எடுத்து வைத்தேன்.

ராஜா வேஷத்துக்கு வேதகிரியைப் பிடித்தார். ஏரித் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடுகிற நீர்க்கட்டி வேலை அவனுக்கு. ஆள் பனை உயரம், மீசை மட்டுமே தனி உருப்படி. என் கடை மீசை அவனுக்குத் தேவைப்படவில்லை, அதில் எனக்குச் சந்தோஷம். அவனை உட்காரவைத்து சார் பாத்திரத்தை விளக்கினார். "ராஜாவுக்கு ஒரே பிழை, வீம்பு. சொன்ன சொல்லை மாற்றிக்கொள்ள மாட்டான். அதுவே அவனை அழிக்கிறது."

"அது இன்னா சார் பிழை? அதுதான ஆம்பளைக்கு அழகு!" என்றான் வேதகிரி. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று சாருக்குப் புரியவில்லை. வெளியூர்க்காரர், பாவம்.

அடுத்தது அழுகிற கூட்டம். மீசை மழித்த நாலு பையன்களை அழவிட்டுப் பார்த்தார். விக்கல் எடுத்த மாதிரி இருந்தது. "நல்லா அயுவணும்னா அக்கரைல பாக்கியமேரிதான்" என்று யாரோ வம்புக்குச் சொல்லிவைக்க, சார் அன்றைக்கே மணலில் நடந்து போய் அவளைக் கூப்பிட்டார். ராஜா யார் என்று கேட்டிருக்கிறாள். வேதகிரி என்றதும் மறுப்பாள் என்று எல்லோரும் பார்த்தால், "வரேன்" என்றுவிட்டாள். அருள்தாஸ் வாயைப் பிளந்தான். "அவன் வூட்டு வாசப்படிதான மிதிக்க மாட்டேன்னேன். பள்ளிக்கூடத்து மைதானம் இன்னா அவன் வூடா?" என்றாளாம். மகள் கல்யாணத்துக்கு அண்ணனைக் கூப்பிட வேறு வாசல் அவளுக்கு இல்லை. எப்படியாவது அவன் எதிரில் போய் நின்றுவிட வேண்டும் என்றுதான் ஒத்துக்கொண்டாள்.

வேதகிரிக்குச் செய்தி போனதும் எகிறினான். நாடகமே வேண்டாம் என்றான். அப்புறம் என் கிரீடத்தைத் தலையில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தான். தங்கச்சி வரும்போது கண்ணை மூடிக்கொண்டு பிணமாகத்தானே படுத்திருக்கப் போகிறோம், அவள் முகத்தில் முழிக்க வேண்டியதில்லையே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு சம்மதித்தான். அவன் பெண்சாதி செங்கேணி மட்டும், "பாடையில படுத்தின்னா நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்" என்று கண்டிப்பாகச் சொன்னதால், கயிற்றுக் கட்டிலில் தூக்கிவருவது என்று முடிவானது.

ஒத்திகையில் பாக்கியமேரி பாடவில்லை. "சாவு இல்லாம பாடனா வூட்டுக்கு ஆவாது. அன்னைக்கு ராஜா சாவட்டும், பாடறேன்" என்று மைதானத்தின் ஓரத்திலேயே நின்றாள். அவளும் வேதகிரி பக்கம் திரும்பவில்லை, அவனும் இவள் பக்கம் திரும்பவில்லை. கிளம்புகிறபோது அவளுடைய கேள்வியை மட்டும் கேட்டாள்.

"வாத்தியாரே, ராஜா எனக்கு இன்னா மொறை ஆவணும்? எந்த மொறை வெச்சி அயுவுறது?"

"முறை எதற்கம்மா? நாட்டு மக்கள் அழுகிறார்கள், அவ்வளவுதான். பொதுவாக அழுங்கள்."

"பொதுவா அயுவுறதுக்கு அவன் இன்னா பொதுக் கெணறா? மொறை இல்லாம பாட்டு வராது சாமி."

சார் காகிதத்தைப் புரட்டினார். நாடகத்தில் ராஜாவுக்குச் சொந்தக்காரர்கள் என்று யாரையும் அவர் எழுதவில்லை. "அப்படியானால் நீங்கள் அவனுக்குத் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

வேதகிரி அட்டைக் கத்தியைத் துடைக்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டான். "சரி" என்று பாக்கியமேரி முந்தானையை உதறிக் கட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்து நடந்தாள்.

அறுப்பு முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழ்ந்ததும் நாடகம். இரு கரைச் சனமும் வந்திருந்தது. முதல் பாதியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வேதகிரி கத்தினான், மீசையை முறுக்கினான், யார் சொல்லியும் கேட்காமல் சண்டைக்குப் போனான். பபூன் எங்கே என்று பின்வரிசையில் கூச்சல். அப்புறம் தூதுவன் ஓடிவந்தான். சார் எழுதிக் கொடுத்த நீளமான வசனம் சனத்தைப் பார்த்ததும் அவனுக்கு மறந்துபோயிற்று. "ராஜா செத்துட்டாரு, இட்டாந்துக்கினு கீறாங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான். திரைக்குப் பின்னால் சார் தலையில் அடித்துக்கொண்டார்.

கட்டில் வந்தது. கிரீடத்தோடு வேதகிரி நெட்டையாகப் படுத்திருந்தான். கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பாக்கியமேரி தலைமாட்டில் உட்கார்ந்து முடியை அவிழ்த்துவிட்டாள். முதல் இரண்டு அடி ராஜாவுக்குத்தான் பாடினாள். தேர், குதிரை, கோட்டை எல்லாம் வந்தது. சார் என் தோளைப் பிடித்து, "பார்த்தீர்களா?" என்றார். மூன்றாவது அடியில் கோட்டையைக் காணோம்.

"வாய்க்கா வரப்பெல்லாம் ஒன் தோளுல நான் வந்தேனே,
வெள்ளத்து அக்கரையில் என்ன நீ வுட்டாயே,
கழுவிவுட்ட வாசலத்தான் என் கண்ணு பாத்ததே,
பெத்தவ மொகத்த நீ பாக்கத் தரலியே..."

முன்வரிசைப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். ஒருத்தி விசும்பினாள். அடுத்து எல்லோரும். பாக்கியமேரி நிறுத்தவில்லை. சாவுக்குச் சாவு யாருக்கோ அழுது, தன் அம்மாவுக்கென்று பூட்டி வைத்திருந்ததெல்லாம் வந்துகொண்டே இருந்தது. நடுவில் அண்ணியையும் விடவில்லை.

"சீவி முடிச்சிக்கினு சிங்காரி வந்தாளே,
கூடப் பொறந்தவள கூட்டி வெளிய தள்ளினாளே..."

செங்கேணி முன்வரிசையிலேயே இருந்தாள். அத்தனை தலையும் அவள் பக்கம் திரும்பியது. அவள் அசையவில்லை. பிணம்தான் அசைந்தது. மூடிய கண்ணிலிருந்து வழிந்து, வேதகிரி முகத்துப் பவுடரில் இரண்டு கோடு இறங்கியிருந்தது. "காத்திருக்க மனசில்லாத கல்லாப் போனாயே" என்று இவள் இழுத்ததும், விருட்டென்று எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"நான் காத்துக்கினுதான்டி இருந்தேன்!"

"டேய், செத்தவன் பேசக்கூடாது, படுடா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "பேசட்டும் வுடுடா!" என்று இன்னொருவன் அவனை அடக்கினான்.

"பொணம் தாங்கல. மழ வேற. கெயவனுங்க எடு எடுன்னு உயிர எடுக்கறானுங்க. நீ வந்துடுவேன்னு நான் ஆத்தங்கரைக்கு ஓடியாந்து நின்னுக்கினு கத்தறேன், பாக்கியம், பாக்கியம்னு. வெள்ளம் போட்ட சத்தத்துல என் கொரலு எனக்கே கேக்கல."

பாக்கியமேரி அவன் முகத்தையே பார்த்தாள். "எங்க நின்ன?"

"ஆலமரத்தாண்ட."

"நானும் எதிர்க்க அக்கரைல நின்னுக்கினு அண்ணா அண்ணான்னு கத்திக்கினு இருந்தேனேடா. மழையில ஒண்ணும் தெரியல..." பாட்டு இல்லை, வெறும் பேச்சுதான். "அத்த ஏன்டா அன்னைக்கே சொல்லல?"

"வந்ததும் வராததுமா மண்ண வாரித் தூத்துன. அப்புறம் எங்கடி சொல்றது?"

மைதானம் முழுக்க அழுதது. நான் அழவில்லை, கண்ணில் தூசி என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை, அதனால் அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சார் திரையைப் பிடித்துக்கொண்டு, "இதுதான் பாய், இதுதான்! தெரியாதது தெரியவருகிற இடம்! நான் எழுதவேயில்லை!" என்று தேம்பினார். திரையில் மூக்கைத் துடைத்தார். என் திரை.

அப்போதுதான் பாக்கியமேரிக்கு உறைத்தது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ, உசுரோட கீறவன மொறை சொல்லி அயுதுட்டேனே! ஒன் ஆயுசுல கைய வெச்சிட்டேனே அண்ணா!" வேதகிரிக்கும் முகம் வெளுத்தது. ராஜாவுக்கு அழுதால் பரவாயில்லை, ராஜாதான் எப்போதோ செத்தவன். இவள் அழுதது வேதகிரிக்கு. பெண்கள் கிசுகிசுத்தார்கள். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

செங்கேணி எழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மேடை ஏறினாள். பாட்டில் சிங்காரி என்று வாங்கிக் கட்டிக்கொண்டவள், நாத்தனார் முடியைப் பிடித்து இழுக்கப் போகிறாள் என்றே நினைத்தேன்.

"இன்னாத்துக்கு எல்லாரும் முழிக்கிறீங்க? இதுக்குக் கழிப்பு கீது. உசுரோட கீறவனுக்கு எவ அயுதாளோ, அவ கையால தலையில எண்ண வெச்சி, அவ வூட்டுல, அவ கையால சோறு துன்னணும். பொயுது போறதுக்குள்ள துன்னணும். துன்னா ஆயுசு கெட்டி. எங்க ஊருல அப்படித்தான்" என்றாள்.

அப்படி ஒரு சாத்திரத்தை நான் எந்த ஊரிலும் கேள்விப்பட்டதில்லை.

"நான் அவ கையால தண்ணி குடிக்கமாட்டேன்னு..." என்று வேதகிரி ஆரம்பித்தான்.

"எண்ணையும் சோறும்தான சொன்னேன்? தண்ணி குடிக்காத. விக்கிக்கினு துன்னு. எழுந்திரு!" என்றாள் செங்கேணி.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வேஷம் கலைக்க நேரமில்லை. கிரீடமும் சரிகை அங்கியுமாக வீரசேன மகாராஜா மணலில் நடக்க, பின்னால் இரு கரைச் சனமும், சாரும், என் சாமானைத் தேடி நானும் நடந்தோம். ஆற்றில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவன் பயந்து எழுந்து கும்பிடு போட்டான். நான் செங்கேணி பக்கத்தில் ஒதுங்கி, "எந்த ஊரு சாத்திரம்மா அது?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"வாய மூடிக்கினு வா பாய்" என்றாள். "ஒவ்வொரு ஐப்பசியும் மழ புடிச்சா இந்த ஆளு எழுந்து ஆத்தங்கரைக்குப் போயிடுது. ஆலமரத்தாண்ட நனைஞ்சிக்கினு நிக்குது. இன்னான்னு கேட்டா ஒண்ணும் இல்லேன்னுது. இன்னைக்குத்தான் எனக்கே தெரியுது. இன்னும் எத்தினி மழைக்கு இத்த நான் தலை துவட்டறது?" சற்றுத் தூரம் நடந்தபின், "சிங்காரின்னாளே, அது மட்டும் நெசந்தான்" என்று சிரித்தாள்.

அருள்தாஸ் வீட்டில் உட்கார இருந்தது ஒரே ஒரு பலகை. அதில் ராஜாவை உட்காரவைத்தார்கள். கிரீடத்தை நான் முதலில் கழற்றி வாங்கிக்கொண்டேன். பாக்கியமேரி கைநிறைய எண்ணெய் எடுத்து அண்ணன் உச்சியில் வைத்துத் தேய்த்தாள். "நரைச்சிப் போச்சேடா" என்றாள். கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும்தான் வீட்டில் இருந்தது, அதைப் போட்டாள். முதல் வாய் அவனுக்கு உள்ளே போகவில்லை. இரண்டாவது போயிற்று. அப்புறம் ஆள் நிமிரவேயில்லை. கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. லூர்து கதவு மறைவில் நின்று மாமனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருந்த பாட்டெல்லாம் இன்னைக்கே பாடித் தீத்துட்டேன்" என்றாள் பாக்கியமேரி, குழம்பை ஊற்றிக்கொண்டே. "அம்மாவுக்கு வெச்சிருந்தது, ஒனக்கு வெச்சிருந்தது, எல்லாம் போச்சி. நாளைக்கு நெசமாவே நீ போயிட்டா நான் ஊமையாத்தான் நிக்கணும்."

"அப்ப நான் போவல, வுடு."

"அது ஒன் கைலயா கீது?"

"நீ முந்திக்கினா மட்டும்? எனக்கு இன்னா பாடத் தெரியும்? கட்ட மாதிரிதான் நிப்பேன். அதனால ரெண்டு பேரும் இருப்போம்." விரலை நக்கிக்கொண்டான். தலையை நிமிர்த்தாமல், தட்டைப் பார்த்தே கேட்டான்: "உங்க கோயில்ல மாலைய எந்தப் பக்கம் நின்னுக்கினு எடுத்துக் குடுக்கணும்? எனக்கு அதெல்லாம் தெரியாது."

பாக்கியமேரி இன்னும் ஒரு களி உருண்டையை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

"வலப்பக்கம், மச்சான்" என்றான் அருள்தாஸ்.